குலுக்கி நிரப்பிய டேங்க்

அன்றைக்கு விருதுநகர் பெட்ரோல் பங்க்கில் இருந்தவர்கள் இவர்கள்.

என் வீட்டுக்காரர். மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிறார். மல்லி விதையும் உண்டு. கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார்.

அவருடைய தம்பி. எனக்குக் கொழுந்தன். மண்டிக்கு வருவார், போவார். போனில் வராத எதையும் அவர் நம்பியதில்லை. வந்த எதையும் நம்பாமல் இருந்ததில்லை.

என் மாமியார். காரின் பின்சீட்டில். இறங்கவில்லை. இறங்கினால் ஏ.சி.யை அணைத்துவிடுவோம் என்று பயம்.

பெட்ரோல் போடுகிற பெண். தலையில் தொப்பி. தொப்பிக்கு வெளியே தொங்குகிற பூ.

கார். வெள்ளை. எட்டு வருஷம் ஓடியது.

நான். ஸ்டியரிங்கில்.

காரியம் இதுதான். டேங்க்கை நிரப்ப வேண்டும். சாத்தூர், தாயில்பட்டி, சிவகாசி என்று ஒரு சுற்று போய்த் திரும்பி வர வேண்டும். மறுபடியும் நிரப்ப வேண்டும். ஓடிய கிலோமீட்டரைப் பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். பதிமூன்றுக்குக் கீழே வந்தால் கார்ச் சாவி என் கையில் இருக்காது. காரை விற்றுவிடுவார்கள்.

பந்தயம் போட்டவர் என் வீட்டுக்காரர். நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

தாயில்பட்டியில் எனக்கு ஒரு சின்னக் கம்பெனி இருக்கிறது. பட்டாசு இல்லை. பட்டாசு வைத்துக் கொடுக்கிற கிஃப்ட் பாக்ஸ். அட்டையை மடிப்போம், ஒட்டுவோம், கட்டுவோம். வேலைக்கு வருகிற பெண்கள் காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்பார்கள். பூட்டைத் திறக்க நான் போக வேண்டும். பஸ்ஸில் போனால் மாறி மாறிப் போய்ச் சேரப் பத்து மணி ஆகும். இரண்டு மணி நேரம் சும்மா நிற்கிற பெண்கள் அடுத்த வாரம் வேறு கம்பெனி வாசலில் நிற்பார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அதற்காகத்தான். பள்ளிக்கூடத்தில் எட்டோடு நின்றேன். நாற்பத்திரண்டு வயதில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினேன்.

மூன்று வருஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை டேங்க்கை நிரப்பினால் சனிக்கிழமை வரை வரும். கார் லிட்டருக்குப் பதினாறு கொடுத்துக்கொண்டிருந்தது. இந்த வருஷம் வியாழக்கிழமையே பெட்ரோல் லைட் எரிய ஆரம்பித்தது.

லைட்டை முதலில் பார்த்தவர் என் வீட்டுக்காரர்.

“என்ன இது, வியாளக்கெளமையே கண்ணு செவக்குது?”

“புதுப் பெட்ரோலு அப்படித்தானாம்” என்றேன். மெக்கானிக் சொல்லியிருந்தார்.

“பெட்ரோல் புதுசா? ஓட்டுற ஆளு புதுசா?”

“மூணு வருசமா ஓட்டுறேன்.”

“அதான் சொல்றேன். புதுசுல பயந்து ஓட்டுனே. இப்பப் பயம் போச்சு. பயம் போனா பெட்ரோலும் போகும்.”

கொழுந்தனுக்கு வேறு கணக்கு. காரை விற்றுவிட்டால் மண்டி லோடு ஆட்டோவில் என்னைத் தாயில்பட்டிக்கு அவரே கொண்டுபோய் விடுவாராம். லோடு ஆட்டோ பத்து மணிக்கு முன்னால் கிளம்பாது. “மதினி, நீங்க ஏன் அலையுறீக? பூட்டுச் சாவியையும் எங்கிட்டக் குடுத்துட்டா நானே தெறந்து விட்டுருவேன்ல” என்றார். கொழுந்தன் பத்து மணிக்கு முன்னால் எழுந்ததை நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை.

ஒரு சாவி போனால் இன்னொரு சாவியும் போகும். அது எனக்குத் தெரிந்தது.

பந்தயத்துக்குச் சனிக்கிழமை குறித்தார்கள். சிவகாசிப் பக்கம் சனிக்கிழமை சம்பள நாள். தீபாவளி சீசன் வேறு. ரோட்டில் எறும்பு போகவும் இடம் இருக்காது. “திங்கட்கெளமை வச்சுக்கலாமா?” என்று கேட்டேன். “கூட்டத்துல ஓட்டிக் காட்டுறவதான் டிரைவர்” என்றார் வீட்டுக்காரர்.

பங்க்கில் அந்தப் பெண் மூடியைத் திறந்தாள்.

கொழுந்தன் குனிந்து மூடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். “அண்ணே, இதான். நூத்துக்கு இருவது பங்கு எத்தனாலு. கரும்புல எடுக்குறது. போன்ல போட்டிருக்கான். டேங்குக்கு அடியில தண்ணியா நின்னுருமாம்.”

“கரும்புலயா?” என்று மாமியார் கண்ணாடியை இறக்கினார். “அப்ப இனிக்குமாலே?”

“இனிக்காதும்மா. சாராயம் மாதிரி.”

“அதான் போன வாரம் வண்டி இளுத்து இளுத்துப் போச்சு.”

பெட்ரோல் போடுகிற பெண் சிரிக்காமல் சொன்னாள்: “எல்லாப் பங்க்லயும் இதேதான் ஆச்சி. இப்ப வேற வர்றதில்ல.”

வீட்டுக்காரருக்கு அது உடனே புரிந்தது. வத்தல் விற்கிறவருக்கு வேறு யாரும் விளக்க வேண்டாம். “தண்ணி தெளிச்ச வத்தல்” என்றார். “எடை இருக்கும். சரக்கு இருக்காது.”

எனக்குப் புரிந்தது வேறு மாதிரி. கருவேல விறகில் ஒரு பானைச் சோறு வேகும். அதே கனத்துக்குப் பனையோலையை வைத்தால் பாதியில் அடுப்பு அடுத்த கட்டுக் கேட்கும். அடுப்பு மேல் குற்றம் இல்லை. அடுப்பை ஊதுகிறவள் மேலும் இல்லை.

“அப்ப பெட்ரோல்தான கொறச்சல்?” என்று கேட்டேன்.

“பெட்ரோல் கொறச்சல் கொஞ்சம். ஒன் ஓட்டுக் கொறச்சல் மிச்சம்.” இதைச் சொல்லும்போது அவருக்குப் போன் வந்தது. பரமக்குடியில் வத்தல் விலை ஏறிவிட்டதாம். காதில் போனோடு பங்க்கின் மூலைக்குப் போய்விட்டார். குழாய் டக்கென்று தானாக நின்றது. அந்தப் பெண் குழாயை எடுத்து மூடியைப் போட்டாள். கொழுந்தன் டிரிப் மீட்டரில் பூஜ்யம் வைத்தார்.

டிக்கியைத் திறந்து பார்த்த கொழுந்தன் உள்ளே ஒரு மல்லி மூட்டை இருப்பதாகச் சொன்னார். ஒரு மாதம் முன்னால் வீட்டுக்காரர் சாம்பிளுக்கென்று போட்டது. அதையும் நான்தான் ஒரு மாதமாகத் தாயில்பட்டிக்கும் விருதுநகருக்கும் ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறேன்.

“எறக்கிரலாமா?” என்றேன்.

“மல்லி என்ன பெட்ரோலா குடிக்கும்? கெடக்கட்டும்” என்றார் போனை முடித்து வந்த வீட்டுக்காரர்.

கிடந்தது.

நாலு வழிச்சாலையில் அறுபதில் போனேன். வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில். அவர் காலுக்குக் கீழே பிரேக் இல்லை. ஆனாலும் சாத்தூர் வரை மிதித்துக்கொண்டே வந்தார்.

“போ, போ. ஏன் உருட்டுற? பின்னால லாரிக்காரன் பாக்குறான்.”

“பாக்கட்டும்.”

“நாலாவது கியர்லயே போறியே, அஞ்சு எதுக்கு வச்சிருக்கான்?”

“அஞ்சுலதான் போறேன்.”

அவர் குனிந்து கியரைப் பார்த்தார். நிமிர்ந்தார். “அஞ்சுல இம்புட்டு மெதுவாப் போகக் கூடாது” என்றார்.

மாமியார் பின்னாலிருந்து, “ஏலே, அவ காலால ஓட்டுதா. நீ வாயால ஓட்டுத. ரெண்டு பேரு ஓட்டுனா பெட்ரோல் ரெண்டு மடங்குதான் ஆகும்” என்றார்.

மாமியார் என் பக்கம் பேசுவது பாசத்தால் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் இருக்கன்குடிக் கோயிலுக்கு அவரைக் கூட்டிப்போவது நான். மகன்கள் இருவரும் கூட்டிப்போனது இல்லை. கேட்டால் மண்டியில் வேலை என்பார்கள். லோடு ஆட்டோவில் சாமி கும்பிடப் போக மாமியாருக்கு விருப்பம் இல்லை.

அச்சங்குளம் தாண்டியதும் பட்டாசுக் கம்பெனிகள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் வேகத்தடை. ஏறி இறங்கினால் அடுத்தது. முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி முதல் கியர். பெண்களை ஏற்றிப் போகிற மினி பஸ் ஒன்று முன்னால். அது நிற்கிற இடமெல்லாம் நாங்களும் நின்றோம். அதைத் தாண்டிப் போய் அடுத்த வேகத்தடையில் பிரேக் போட்டால் மிதித்த பெட்ரோல் புகையாகப் போகும். தாண்டவில்லை. பின்னாலேயே போனேன்.

“மினி பஸ்சுக்குத் தொணைக்கு வந்தியா?” என்றார் வீட்டுக்காரர்.

தாயில்பட்டியில் இறங்கி லேபிள் கட்டு ஒன்றை வாங்கிக் கம்பெனியில் போட்டேன். பெண்கள் வாசலுக்கு வந்து காருக்குள் எட்டிப் பார்த்தார்கள். “என்னக்கா, குடும்பத்தோட?” என்று ஒருத்தி கேட்டாள். “பரிச்சை” என்றேன். “எங்க அண்ணாச்சிக்கா?” என்றாள். வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

சிவகாசியில் பஜாரைத் தாண்டவே அரைமணி. ஒரு பக்கம் லோடு லாரி, ஒரு பக்கம் சம்பளம் வாங்கிச் சேலைக் கடைக்குப் போகிற கூட்டம். கார் நடந்தது. திருத்தங்கலில் ரயில் கேட் மூடியிருந்தது. இஞ்சினை அணைத்தேன்.

“எதுக்கு அணைச்ச?”

“கேட் மூடியிருக்கு.”

“அணைச்சு அணைச்சு ஸ்டார்ட் பண்ணுனாத்தான் பெட்ரோல் கூடப் போகும். கேட்டுப் பாரு தம்பிகிட்ட.”

“ஆமா மதினி. போன்ல போட்டிருக்கான்.”

மாமியாருக்கு வேர்த்தது. முந்தானையால் விசிறிக்கொண்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. இருக்கன்குடி அவர் மனதில் இருந்திருக்கும். ரயில் வர நேரமானது. வந்ததும் சரக்கு ரயில்.

பங்க்குக்குத் திரும்பியபோது மீட்டரில் தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர். அதே பெண். அதே குழாய். டக்கென்று நின்றது. அவள் குழாயை எடுக்கப் போனாள்.

“இரும்மா” என்றார் வீட்டுக்காரர்.

வத்தல் மூட்டை அடைப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சாக்கு வாய் வரை வத்தலைக் கொட்டுவார்கள். நிறைந்த மாதிரி இருக்கும். ஆனால் அது நிறைந்தது இல்லை. இரண்டு ஆள் சாக்கின் காதைப் பிடித்துக் குலுக்குவார்கள். தட்டுவார்கள். வத்தல் இறங்கும். மேலே இடம் வரும். மறுபடி கொட்டுவார்கள். மறுபடி குலுக்குவார்கள். குலுக்காத சாக்கை என் வீட்டுக்காரர் நிறைந்த சாக்கு என்று ஒத்துக்கொண்டதே இல்லை. முப்பது வருஷமாக அந்தக் கைக்கு அதுதான் வேலை. எதன் வாய் நிறைந்திருந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. வீட்டில் அரிசி டப்பாவை நான் நிரப்பி வைத்தால், போகிற போக்கில் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் போவார்.

இரண்டு கையையும் காரின் கூரையில் வைத்தார். குலுக்கினார்.

கார் ஆடியது. உள்ளே மாமியார் ஆடினார். “ஏலே, ஏலே!”

“ம், போடும்மா.”

அந்தப் பெண் போட்டாள். பெட்ரோல் உள்ளே போனது. மறுபடி டக். மறுபடி குலுக்கினார். இப்போது தம்பியும் அந்தப் பக்கம் கை வைத்தார். இரண்டு பேருமாக வத்தல் மூட்டையைப் போலக் காரைக் குலுக்கினார்கள். பக்கத்தில் பைக்குக்குப் பெட்ரோல் போட வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“அண்ணாச்சி, டக்குனு நின்னா நிப்பாட்டணும். மேல மேல போடக் கூடாது” என்றாள் அந்தப் பெண். “வெயிலுக்கு வெளியே வந்துரும்.”

“நெறையணும்ல? அது வாயிலயே நிக்குது பாரு.”

வாய் வரை வந்த பிறகுதான் விட்டார். ஒன்பது லிட்டர், அதற்கு மேல் மூன்று புள்ளி. கொழுந்தன் போனில் தட்டினார்.

“பத்தரை அண்ணே. பதினாறு குடுத்த வண்டி.”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். அவர் அதை இடுப்பு பெல்ட் வளையத்தில் மாட்டிக்கொண்டார்.

எனக்கு அப்போதே ஏதோ இடித்தது. காலையில் கார் ஆடவில்லை. சாயங்காலம் ஆடியது. ஆனால் அதைச் சொன்னால் என்ன நடக்கும்? “தோத்துட்டு நொட்டை சொல்லுதா” என்பார். சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன்.

“திங்கட்கெளமை நீங்க ஓட்டிக் காட்டுங்க. அதே ரோடு.”

“நான் எதுக்கு ஓட்டணும்?”

“எப்படி ஓட்டுறதுன்னு பாத்துக்கிடுவேன்ல.”

அவருக்கு அது பிடித்திருந்தது. ஒரு பெண் தன்னிடம் கற்றுக்கொள்ளக் கேட்டால் மறுக்கிற ஆள் இல்லை அவர். “அப்பயாவது தெரிஞ்சுக்கோ” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கார் நகரவில்லை. சாவி பெல்ட்டில் இருந்தது. அவர் குளிக்கப் போனபோதும் துண்டோடு சேர்த்து எடுத்துப் போனார்.

சனிக்கிழமை வாய் வரை அடைத்த அதே டேங்க்கோடு, மீட்டரில் மறுபடி பூஜ்யம் வைத்து, திங்கட்கிழமை காலை கிளம்பினோம். கம்பெனிப் பூட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்பியிருந்தேன். பத்து மணிக்குத்தான் திறந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. மூன்று பேர் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அந்தக் காலையில் எனக்குத் தெரியாது. பின்சீட்டில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மல்லி மூட்டையை இறக்கட்டுமா என்று கேட்டேன். “கெடக்கட்டும். மல்லியோடவே ஓட்டிக் காட்டுறேன்” என்றார்.

ரோடு காலியாக இருந்தது. அதுதான் அவருக்கு வினை. காலி ரோட்டைப் பார்த்தால் என் வீட்டுக்காரர் கால் நிற்காது. நாலு வழிச்சாலையில் முள் நூற்றைத் தாண்டியது. நூற்றுப் பத்தையும் தாண்டியது. ஏ.சி. கடைசிப் புள்ளியில். மாமியார் முந்தானையைப் போர்த்திக்கொண்டார்.

“பாத்தியா, எப்படிப் போகுது!”

“போகுது” என்றேன்.

லாரியைத் தாண்டினார். தாண்டிய வேகத்தில் சாத்தூர் வந்துவிட்டது. பிரேக். அச்சங்குளம் பக்கம் வேகத்தடை. பிரேக். கம்பெனிக்குக் கம்பெனி மிதித்தார், பிரேக் போட்டார், மறுபடி மிதித்தார். ஒரு வேகத்தடையில் மாமியார் தலை கூரையில் இடித்தது.

“ஏலே, மண்டைய ஒடைக்கவா கூட்டிட்டு வந்த?”

“சனிக்கெளமை இதே தடையில அவ நின்னு நின்னு போனா. நான் நிக்கவே இல்ல பாத்தியா?”

“தெரியுதுலே. என் தலைக்குத் தெரியுது.”

வழியில் ஒரு வியாபாரி போனில் கூப்பிட்டார். ஓரங்கட்டினார். வண்டியை அணைக்கவில்லை. விலை பேசினார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் குறைத்தார். இவர் கூட்டினார். ஏ.சி. ஓடியது. கொழுந்தன் தூங்கிப்போனார். விலை படியவில்லை.

திருத்தங்கல் கேட் அன்றைக்கும் மூடியிருந்தது. வீட்டுக்காரர் இஞ்சினை அணைக்கவில்லை. என்னைக் கண்ணாடியில் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். மாமியார் வாங்கினார். நாங்கள் தின்று முடித்த பிறகுதான் ரயில் வந்தது.

பங்க். அதே தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர். அதே பெண். அவள் எங்களைப் பார்த்ததும் இரண்டு அடி தள்ளி நின்றாள்.

குழாயை வைத்தாள். டக்.

வீட்டுக்காரர் கை தானாகக் கூரைக்குப் போனது. இரண்டு உள்ளங்கையும் தகரத்தில் பதிந்தது. அப்போது கொழுந்தன் அண்ணனின் காதருகில் போய் மெதுவாக என்னவோ சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மாமியார் பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்தது.

“அண்ணே, குலுக்காதீக.”

கை கூரையை விட்டு எழுந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவை. அந்தக் கை எங்கே போவது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போனது.

“போதும்மா. மூடிரு” என்றார்.

ஆறு லிட்டர், எட்டுப் புள்ளி. கொழுந்தன் தட்டினார். “பதினாலே காலுக்கு மேல அண்ணே! மல்லியோட!”

“மல்லியோட!” என்றார் வீட்டுக்காரர். பங்க்கில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. “இப்ப என்ன சொல்ற?”

நான் காரை விட்டு இறங்கினேன். என் கையைக் கூரையில் வைத்தேன்.

“என்ன பண்ற?”

“குலுக்கப் போறேன்.”

“எதுக்கு? நெறஞ்சிருச்சு.”

“சனிக்கெளமை இப்படித்தான் நெறஞ்சுது. நீங்க நெறையலைன்னீக.”

“அது... அன்னிக்கு அப்படி. சூடு. பெட்ரோல் பொங்கும். இன்னிக்குக் குளுந்து கெடக்கு.”

“மண்டியில ஒரு மூட்டையக் குலுக்கி, பக்கத்து மூட்டையக் குலுக்காம, ரெண்டும் சமம்னு சொன்னா ஒத்துக்கிடுவீகளா?”

வாழ்க்கையில் நான் அவரிடம் ஒரே மூச்சில் பேசிய பெரிய பேச்சு அதுதான். பைக் ஆள் அன்றைக்கும் வந்திருந்தார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி போனைப் பார்த்தார். அதில் ஒன்றும் வரவில்லை.

“குலுக்குலே” என்றார் மாமியார் உள்ளேயிருந்து. “நான் கம்பியப் பிடிச்சுக்கிட்டேன்.”

அந்தப் பெண் மறுபடி குழாயை வைத்தாள். நானும் அவரும் குலுக்கினோம். எதிரெதிர்ப் பக்கம் நின்று இருவரும் ஒரு காரியம் செய்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. முதலில் அவர் சும்மா தொட்டுக்கொண்டுதான் இருந்தார். இரண்டாவது குலுக்கில் கை பழக்கத்துக்கு வந்துவிட்டது. பெட்ரோல் இறங்குகிற சத்தம் கேட்டதும் முகமே மாறியது. “ம்... ம்... இன்னும் பிடிக்கும் பாரு” என்று என்னிடமே சொன்னார். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது மறந்துவிட்டது. வாய் வரை வந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“ரெண்டு புள்ளி மூணு கூடப் போயிருக்கு” என்றாள் அந்தப் பெண்.

“அப்ப மொத்தம் ஒம்பது புள்ளி ஒண்ணு” என்று கொழுந்தன் தட்டினார். தட்டிவிட்டுப் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

“எம்புட்டுலே?” என்றார் மாமியார்.

“பத்தே முக்கால்.”

பிறகு வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

“இருந்தாலும் அவ பத்தரை. நான் பத்தே முக்கால். கால் புள்ளி கூடத்தான்.”

“அவளுக்குப் போகும்போது குலுக்குனியாலே?” என்றார் மாமியார்.

“எப்ப?”

“சனிக்கெளமை காலையில. கெளம்பும்போது.”

“அப்பப் போன் வந்துச்சு.”

“அப்பக் குலுக்காம அனுப்பிச்சே. வந்த பெறகு குலுக்கி அளந்தே. நீ அன்னிக்கு மேலால அடைச்சதும் அவ குடிச்சதாவாலே சேரும்?” மாமியார் கதவைத் திறந்தார். இந்தப் பங்க்கில் முதல் முறையாக ஏ.சி.யை விட்டு இறங்கினார். “வத்தல் எடை போடும்போது சாக்குக்குக் களிக்கிறீக. களிக்காம விட்டா வாங்குறவன் விடுவானா? குலுக்குக்கு எம்புட்டுப் பிடிக்கும்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. அதைக் களி.”

“அம்மா, அது பெட்ரோலு, இது சாக்கு...”

“களிலே.”

கழிவு என்றால் என் வீட்டுக்காரரால் எதிர்த்துப் பேச முடியாது. அவர் அப்பா காலத்திலிருந்து சாக்குக்குக் கழித்துத்தான் அந்த மண்டி நிற்கிறது. அவர் வாய் அசைந்தது. ஒன்பது மூன்றில் இரண்டு மூன்று போனால் ஏழு. அதற்குப் போன் தேவையில்லை. தொண்ணூற்றெட்டை ஏழால் வகுக்கவும் தேவையில்லை. அது எட்டாம் வகுப்புக்குள் வருகிற கணக்கு. எனக்கு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது என்று அவர் காது சொன்னது. காது சிவந்தது.

கொழுந்தன் மட்டும் தட்டிப் பார்த்தார். அண்ணனிடம் காட்டினார். அண்ணன் பார்க்கவில்லை.

“சனிக்கெளமைக் கூட்டத்துல” என்றார் மாமியார், பைக் ஆளைப் பார்த்து.

“மல்லியோட” என்றாள் பெட்ரோல் போடுகிற பெண்.

வீட்டுக்காரர் பெல்ட் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றினார். அது சிக்கிக்கொண்டது. இழுத்தார். வந்தது. என் கையில் கொடுக்கவில்லை. பானெட்டின் மேல் வைத்துவிட்டு, டிக்கியைத் திறந்து, மல்லி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு, மண்டிப் பக்கம் நடந்தார். தம்பி பின்னாலேயே போனார்.

சாவியை எடுத்தேன். மாமியார் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஏ.சி.யை அவரே ஒரு புள்ளி குறைத்தார்.

“எம்புட்டுத்தா வந்துச்சு? வாயால சொல்லு. கேக்கணும்.”

பதினாலு.